டைரக்ட் ஃபைல்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த இலவச வரிச் சேவை

அமெரிக்காவில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஒருவருக்குச் சராசரியாக 13 மணி நேரமும் 270 டாலரும் ஆகிறது என்று 2024-ல் அரசு கணக்கிட்டது. இத்தனைக்கும் சாதாரணச் சம்பளக்காரரின் ரிட்டர்னில் இருக்கும் எண்களில் பெரும்பாலானவை, சம்பளமாகட்டும் பிடித்தம் செய்த வரியாகட்டும் வங்கி வட்டியாகட்டும், ஏற்கெனவே ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வருமான வரித்துறையின் கையில் இருப்பவை. அரசுக்குத் தெரிந்ததை அரசுக்கே திருப்பிச் சொல்ல ஒரு தனியார் மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்துக்கு மாற்றாக ஐ.ஆர்.எஸ். தானே கட்டிய சேவைதான் டைரக்ட் ஃபைல். 2024-ல் 12 மாநிலங்களில் சோதனை ஓட்டம் நடந்தது, 2025-ல் 25 மாநிலங்களுக்கு விரிந்தது, 2026-ல் இழுத்து மூடிவிட்டார்கள். மூடிய கடைக்கு விமர்சனம் எதற்கு என்றால், அது சரியில்லாததால் மூடப்படவில்லை என்பதற்காகத்தான்.

உள்ளே நுழைவதுதான் இதில் இருந்த பெரிய தொல்லை. ஐ.டி.மி என்ற தனியார் அடையாளச் சரிபார்ப்புச் சேவையில் கணக்கு வேண்டும். ஓட்டுநர் உரிமத்தையோ பாஸ்போர்ட்டையோ படமெடுத்து, முகத்தையும் செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். நல்ல கேமரா உள்ள போன் இல்லாதவர்களும், முகவரி அடிக்கடி மாறுபவர்களும் இங்கேயே திணறினார்கள். ஏழைகளுக்கு அதிகம் உதவ வேண்டிய ஒரு சேவையின் வாசலில் இப்படி ஒரு தடுப்பு இருந்திருக்கக் கூடாது.

வாசலைத் தாண்டிவிட்டால் மற்றது சுலபம். ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் இருந்தது. திரைக்கு ஒரு கேள்வி, அதுவும் புரிகிற மொழியில். வேலை தருபவர் கொடுக்கும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்துக்குரிய பக்கத்தில் கட்டங்கள் காகிதத்தில் உள்ள அதே எண்களோடு வரும்: கட்டம் 1 சம்பளம், கட்டம் 2 பிடித்தம் செய்த மத்திய வரி. 2025-ல் ஐ.ஆர்.எஸ். தன்னிடம் இருந்த டபிள்யூ-2 விவரங்களைத் தானே கொண்டுவந்து நிரப்பவும் தொடங்கியது. தட்டச்சுப் பிழை அதிகம் விழுவது கட்டம் 12-ல்தான். 401கே ஓய்வூதியப் பிடித்தத்துக்கு டி, ஹெச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு டபிள்யூ, மருத்துவக் காப்பீட்டுச் செலவுக்கு டிடி என்று குறியீடுகள் இருக்கும். டிடி வெறும் தகவல், வரியை அது தொடாது. அந்த இடத்தில் டி என்று போட்டுவிட்டால் நீங்கள் செலுத்தாத ஓய்வூதியப் பணம் கணக்கில் ஏறிவிடும். ஐ.ஆர்.எஸ். அனுப்பும் எண்ணே நேராக வந்து உட்கார்ந்தால் இந்தத் தவறுக்கு இடமில்லை.

இதன் உண்மையான மதிப்பு குழந்தைகள் பற்றிய கேள்விகளில் தெரிந்தது. குழந்தை ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்ததா, வேறு யாராவது அதே குழந்தையைத் தங்கள் கணக்கில் காட்ட முடியுமா, வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் யார் பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பதில்களை வைத்து 'குடும்பத் தலைவர்' என்ற நிலையில் தாக்கல் செய்யலாமா, குழந்தை வரிச் சலுகை எவ்வளவு, உழைப்பு வருமானச் சலுகை எவ்வளவு என்று அதுவே முடிவுக்கு வரும். மூன்று குழந்தைகள் உள்ள குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 2024-ம் ஆண்டுக் கணக்கில் உழைப்பு வருமானச் சலுகை மட்டும் அதிகபட்சம் 7,830 டாலர். தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை என்பது ஐ.ஆர்.எஸ். சொல்லும் கணக்கு. தனியார் மென்பொருள்களில் இந்த மாதிரி இடத்தில்தான் 'மேல்நிலைத் திட்டத்துக்கு மாறுங்கள்' என்ற பெட்டி குதிக்கும். இங்கே கடைசிப் பக்கம் வரை விற்பனைப் பேச்சு கிடையாது.

இது எல்லாருக்குமான சேவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சுயதொழில் வருமானம், பங்கு விற்ற லாபம், வாடகை, தனித்தனியாகப் பட்டியலிடும் வரிக் கழிவுகள் எதுவும் இதில் போகாது. 2024-ல் ஹெச்.எஸ்.ஏ. வைத்திருந்தவர்களும், அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் மருத்துவக் காப்பீடு வாங்கியவர்களும் வெளியே நிற்க வேண்டியிருந்தது; 2025-ல் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தமிழர்களில் பலருக்கும் இது ஒத்துவரவில்லை. எஃப்-1 விசா மாணவர்கள் நிரப்பும், வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர். படிவம் இதில் இல்லை. இந்தியாவில் என்.ஆர்.இ. என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில் வைப்பு உள்ளவர்களுக்கு அந்த வட்டி அங்கே வரியில்லாதது, இங்கே வரிக்குரிய வெளிநாட்டு வருமானம். அவர்களுக்கும் இதில் வழியில்லை. மாநில வரியும் தனி. அரிசோனாவிலும் நியூயார்க்கிலும் மத்திய கணக்கை முடித்ததும் அந்த விவரங்களோடு மாநிலக் கருவிக்குத் தாவலாம். டெக்சஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லாததால் அந்தச் சிக்கலும் இல்லை.

ஏன் மூடினார்கள்? 2024-ல் 1,40,803 ரிட்டர்ன்கள், 2025-ல் 2,96,531. சோதனை ஆண்டில் கருத்துக் கேட்டபோது பத்தில் ஒன்பது பேர் 'மிகச் சிறப்பு' அல்லது 'சராசரிக்கு மேல்' என்றார்கள். ஒரு ரிட்டர்னுக்கு 138 டாலர் செலவாகிறது, கட்டுப்படியாகாது என்பது டிரம்ப் நிர்வாகத்தின் வாதம். ஆனால் இது வகுக்கும் எண்ணைப் பொறுத்த கணக்கு. மென்பொருளைக் கட்டுவதும் பாதுகாப்பதும் மூன்று லட்சம் பேருக்கும் மூன்று கோடிப் பேருக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். பாதி நாட்டுக்கு மட்டும் திறந்துவிட்டு, சேவை நீடிக்குமா என்ற சந்தேகத்தை அந்த சீசன் முழுக்க உலவவிட்டு, பிறகு ஆள் குறைவு என்று சொல்வது நியாயமில்லை. சாலை போட்டு இரண்டாம் ஆண்டிலேயே வண்டிக்கு எவ்வளவு ஆனது என்று கணக்குப் பார்த்து யாரும் சாலையைப் பெயர்ப்பதில்லை.

இதில் யாருக்கு லாபம் என்பதற்குப் பழைய ஆவணங்களே போதும். 2002-ல் வரி மென்பொருள் நிறுவனங்களோடு ஐ.ஆர்.எஸ். போட்ட 'ஃப்ரீ ஃபைல்' ஒப்பந்தத்தில், அவர்கள் இலவசச் சேவை தருவார்கள், அரசு சொந்தமாக எதையும் கட்டாது என்று இருந்தது. அந்த நிபந்தனை நீங்கியது 2019 கடைசியில்தான். அந்த ஆண்டு சீசனில் இலவசத்துக்குத் தகுதியிருந்தும் 1.4 கோடிக்கு மேற்பட்டோர் கட்டணம் கட்டியிருக்கக்கூடும் என்று கருவூலத்தின் வரி நிர்வாகத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கண்டறிந்தது. 2022-ல் டர்போடாக்ஸ் நடத்தும் இன்ட்யூட் நிறுவனம் எல்லா மாநிலங்களோடும் சமரசம் செய்துகொண்டு 14.1 கோடி டாலர் கொடுத்தது. டைரக்ட் ஃபைலின் நிரல் 2025 மே மாதம் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வெளியானது, இன்னொரு நிர்வாகம் நினைத்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

2026-ல் தாக்கல் செய்பவர்களுக்கு மிஞ்சியிருப்பது ஃப்ரீ ஃபைல். 2025-ம் ஆண்டின் சரிக்கட்டிய மொத்த வருமானம் (சில கழிவுகள் போக மிஞ்சும் வருமானம்) 89,000 டாலர் வரை இருந்தால் இலவசம். கூகுளில் தேடிப் போகாதீர்கள், விளம்பரம்தான் முதலில் வரும், ஐ.ஆர்.எஸ். தளத்துக்குள் சென்று அங்குள்ள பட்டியலிலிருந்தே சொடுக்குங்கள். இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் கட்டணப் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். மாநில ரிட்டர்னும் இலவசமா என்று தொடங்கும் முன்பே பாருங்கள், பல நிறுவனங்கள் அதில்தான் காசு வாங்குகின்றன. டிப்ஸ், ஓவர்டைம், 65 வயதானோருக்கான புதிய கழிவுகள் ஷெட்யூல் 1-ஏ-வில் வருகின்றன. தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் அந்தப் படிவம் உண்டா என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு ஐ.என்.டி.-031-04 என்ற குறியீட்டோடு திரும்பி வந்தால் பதற வேண்டாம். சென்ற ஆண்டின் சரிக்கட்டிய மொத்த வருமானம் ஐ.ஆர்.எஸ். பதிவோடு பொருந்தவில்லை என்றுதான் அதற்குப் பொருள். பழைய 1040 படிவத்தின் 11-ம் வரிசையில் உள்ள எண்ணை அப்படியே போடுங்கள். சென்ற ஆண்டு தாமதமாகத் தாக்கல் செய்து, அது இன்னும் பரிசீலனையில் இருந்தால் 0 போட்டு மறுபடி அனுப்புங்கள். குழந்தையை வேறு யாரோ ஏற்கெனவே கணக்கில் காட்டியிருப்பதாக வந்தால், ஐ.ஆர்.எஸ். கணக்கில் அடையாளப் பாதுகாப்பு ரகசிய எண்ணை (ஐ.பி. பின்) எடுத்து அதோடு அனுப்பினால் ரிட்டர்னை ஏற்றுக்கொள்வார்கள். யார் பக்கம் சரி என்பதைப் பிறகு பார்ப்பார்கள். கடைசி நாள் ஏப்ரல் 15. முடியாவிட்டால் அன்றைக்குள் படிவம் 4868 அனுப்பி அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம், ஆனால் கட்ட வேண்டிய வரியை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.