அவிநாசி சாலை டயர் கடையில் வீல் அலைன்மென்ட்

நேராகச் செல்லும்போதும் ஸ்டியரிங் சற்றே திரும்பி நிற்பதையும், முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருப்பதையும் கண்டு, கோவை அவிநாசி சாலையில் உள்ள ஒரு டயர் கடைக்கு வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலைக்காக என் காரைக் கொண்டு சென்றேன். ஊழியர் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டை ராடின் முனைகளை ஆட்டிப் பார்த்த பிறகே சக்கரங்களில் சென்சார்களை மாட்டினார். பாகங்கள் தளர்ந்திருந்தால் அலைன்மென்ட் நிற்காது என்பதால் இந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. முன் சக்கரங்களின் டோ கோணம் (மேலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வெளிப்புறமாக விரிந்திருந்ததைத் திரையில் சிவப்பு எண்களாகக் காட்டி, அவை பச்சையாகும்வரை டை ராடைத் திருகிச் சரிசெய்தார். கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தைத் திருத்த என் காரில் வழியில்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஒரு குறை உண்டு. வேகத்தில் அதிர்வே இல்லாத வண்டிக்குப் பேலன்சிங்கும் (சக்கரத்தைச் சுற்றி எடையைச் சமன்செய்வது) செய்யச் சொல்லி வற்புறுத்தினார்கள். அது வேறு கோளாறுக்கான வேலை என்பதால் மறுத்துவிட்டேன்.

பொதுவாக 10,000 கி.மீ.க்கு ஒருமுறை அலைன்மென்ட் பார்ப்பது வழக்கம் என்றாலும், பெரிய குழியில் சக்கரம் இறங்கினாலோ டை ராட் மாற்றினாலோ உடனே பார்ப்பது நல்லது. அடுத்த முறையும் இங்கேதான் செல்வேன், அச்சிட்ட அளவுத்தாளை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்வேன்.