465 பவுண்டு போச்சு: கையால் செய்த மாடல் சிக்னல் கேபின் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

சிக்னல் கேபின் என்றால் இரும்பு லீவர்களை இழுத்துக் கைகாட்டிகளை இயக்கும் சிறு கட்டடம். அதன் மாடல் ஒன்றை ஆர்டர் கொடுத்தேன். பார்சல் முந்தாநாள் வந்தது, செய்து கொடுத்த ஆளின் கடைசிப் பதில் இன்று காலை வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைசியில் ஐந்து எச்சரிக்கை சொல்கிறேன், அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

நான் வீட்டில் கட்டிக்கொண்டிருக்கும் மாடல் ரயில், வட இங்கிலாந்து மலைப்பகுதியில் உள்ள செட்டில்–கார்லைல் பாதை. அதில் ஹாஸ் ஜங்ஷன் ஸ்டேஷன், இன்று கார்ஸ்டேல் என்று பெயர். காலம் 1910 டிசம்பர். ஏன் அந்த மாதம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். 24ஆம் தேதி விடியற்காலை, கைகாட்டியில் நின்றிருந்த பெட்டிகள் இல்லாத இரண்டு வெற்று இன்ஜின்களை கேபின்காரர் மறந்துபோனார். பின்னால் வந்த ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸுக்காக அவர் இறக்கிய கைகாட்டியை இன்ஜின்காரர்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்துக் கிளம்பினார்கள். எக்ஸ்பிரஸ் போய் மோதியது, 12 பேர் இறந்தார்கள். அந்தக் கேபினை அதே வருடம்தான் திறந்திருந்தார்கள், 40 லீவர், இன்றும் அங்கே நிற்கிறது. ஆக என் மேஜையில் இன்ஜினைவிட முக்கியமான பொருள் அந்தக் கேபின்தான்.

மலை, தண்டவாளம், நடைமேடை எல்லாம் நானே செய்தேன். கேபின் மட்டும் முடியவில்லை. ஓஓ என்கிற மாடல் ரயில் அளவில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், என் கண்ணுக்கும் விரலுக்கும் அது ஒத்துவராது. அந்தப் பாதையை அன்று நடத்திய மிட்லண்ட் ரயில் கம்பெனி தன் கேபின்களை 10, 12, 15 அடி அகல மரச்சட்டங்களாகச் செய்து, கொண்டுபோய்க் கோத்து நிறுத்தியது, அதாவது நமக்கு 40, 48, 60 மில்லிமீட்டர். இதில் ஒன்று மாறினாலும் தெரிந்தவன் கண்ணில் உறுத்தும். ஜன்னல் கண்ணாடிகளின் மேல்மூலைகள் சாய்வாக வெட்டியிருக்கும், அதுதான் மிட்லண்டின் முகம். இதையெல்லாம் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் தேடினேன்.

பொழுதுபோக்குப் பொருள்களை ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் ஒரு தளத்தில் அந்த ஆள் கிடைத்தார். பெயர் சொல்லப்போவதில்லை, தளத்தின் பெயரையும்தான். போனில் முக்கால் மணி நேரம் பேசினோம். லீவர் நிறங்களை நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன்: நிறுத்தும் கைகாட்டிக்குச் சிவப்பு, டிஸ்டன்டுக்கு (முன்கூட்டியே எச்சரிக்கும் கைகாட்டி) மஞ்சள், பாயின்ட்டுக்கு (தண்டவாளம் பிரியும் இடம்) கறுப்பு, அதன் பூட்டுக்கு நீலம், சும்மா இருப்பதற்கு வெள்ளை. அவர் குறுக்கே புகுந்து, "1910 என்றால் மஞ்சள் எப்படி வரும்? டிஸ்டன்ட் கையே அப்போது சிவப்புதானே, லீவர் பச்சையாக இருக்கணும்" என்றார்.

சரியான பேச்சு. டிஸ்டன்ட் கைகாட்டி மஞ்சளானது 1920களின் பிற்பகுதியில்தான், எனக்கும் தெரியும், வாய் தவறிவிட்டது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேராக பேங்க் கணக்குக்கு அனுப்பினால் விலை குறைத்துத் தருகிறேன் என்றதும் தலையாட்டினேன். முன்பணம் 200, அனுப்பும் முன் 265. மொத்தம் 465 பவுண்டு.

ஆறு வாரம் என்றது பதினான்கு வாரமாயிற்று. படம் கேட்டால் ஒரே ஒரு படம் வந்தது, ஜன்னல் மட்டும் தெரிகிற மாதிரி, அதுவும் மங்கல். மீதிப் பணத்தைக் கட்டினேன். ஏன் கட்டினாய் என்று கேட்காதீர்கள், மனைவி கேட்டாயிற்று.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது செங்கல். கீழ்த்தளம் முழுக்க பிளாஸ்டிக் செங்கல்! பலகை அடித்த மரக் கேபின் கேட்டவனுக்கு! ஜன்னல் மூலைகளை வெட்டவே இல்லை, சதுரக் கண்ணாடித் தாளில் மூலைக்கு ஒரு சொட்டு வெள்ளை பெயின்ட் வைத்து ஏமாற்றியிருக்கிறார், ஒரு மூலையில் பெயின்ட் வழிந்து கண்ணீர் மாதிரி காய்ந்திருக்கிறது. கூரை கழற்றி எடுக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன், பசை போட்டு ஒட்டியிருக்கிறார். டார்ச் அடித்து ஜன்னல் வழியாக எண்ணினேன், மூன்று முறை எண்ணினேன், 22 லீவர். அதில் வலது ஓரத்தில் இரண்டு, கடுகுப் பூ மாதிரி பளிச்சென்று மஞ்சள்.

மஞ்சள்! அவர் வாயாலேயே கூடாது என்று சொன்ன மஞ்சள்!

பெயர்ப்பலகையில் வெறும் கார்ஸ்டேல் என்று இருக்கிறது, அந்தப் பெயர் தனியாக வந்தது 1930களில். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கத்தியால் சுரண்டிய தடம். சரியாகச் சுரண்டவில்லை, இரண்டு எழுத்து மிச்சம். கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் கிட், மேலே பெயின்ட் மட்டும் இவருடையது. இதற்கு 465 பவுண்டு.

எழுதிக் கேட்டேன். சாதாரணமாகப் பார்க்கும் தூரத்தில் இதெல்லாம் தெரியாது என்று பதில். பச்சை என்று சொன்னதே நீங்கள்தானே என்றேன், அப்படிப் பேசியதாக நினைவில்லையாம். மறுபடி எழுதினேன், சொல்லிச் செய்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லையாம். தளத்துக்காரர்களிடம் போனால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு வரி, அதற்குக் கீழே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. பேங்க்கில் நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்துவிட்டு, பொருள் வந்துவிட்டதே சார், இது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்றார்கள். ஆளாளுக்குக் கை விரித்தால் என் 465 பவுண்டுக்கு யார் பொறுப்பு?

ஐந்து எச்சரிக்கை என்றேன், எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், கமிஷன் போனால் போகட்டும். மீதிப் பணத்துக்கு முன் நாலு பக்கமும், அடிப்பக்கமும், கூரை திறந்த படமும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கேளுங்கள். போனில் பேசியதை அன்றைக்கே எழுதி அனுப்பி, ஆமாம் என்று பதில் வாங்குங்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஆங், ஒன்று விட்டுவிட்டேன். இன்று காலை அவருடைய விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். புது விளம்பரம் போட்டிருக்கிறார், வரலாற்றுத் துல்லியமான கேபின்கள் செய்து தரப்படும் என்று. படத்தில் இருப்பது என் கேபின். செங்கல் தெரியாமல் வெட்டியிருக்கிறார்.