ஜெய்சல்மேர்: கோட்டையா, பட்வா ஹவேலியா?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஒரு காலைப்பொழுது மட்டுமே கையில் இருந்தால் எங்கே போவது? தயங்காமல் கோட்டைக்கு என்பேன்.

1156இல் மன்னர் ராவல் ஜெய்சல் எழுப்பத் தொடங்கிய இந்தக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அரண்மனை அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு. சந்துகளில் நடக்க எதுவும் வேண்டாம். மஞ்சள் மணற்கல்லில் இழைத்த சமணக் கோயில்களுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். அங்குள்ள ஞான பண்டாரம் என்னும் நூலகத்தில் பழைய ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன.

மனத்தை உறுத்தும் ஒன்றும் உண்டு. மழை அரிதான ஊருக்காகக் கட்டப்பட்ட கோட்டை இது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கழிவுநீர் கோட்டை நிற்கும் மலைக்குள் கசிந்து அடித்தளத்தை இளக்கியது. சில கொத்தளங்கள் சரிந்தே விட்டன. ஆகவே கோட்டையைச் சுற்றிப் பாருங்கள், தங்குவதைக் கீழே ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

பட்வா ஹவேலி, அதாவது பட்வா குடும்பத்தின் மாளிகை, வேறு உலகம். வணிகர் குமான் சந்த் பட்வா தம் ஐந்து மகன்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஐந்து மாளிகைகள். ஒட்டகப் பாதை வணிகம் ஈட்டிய செல்வமெல்லாம் உப்பரிகைகளின் கல்வேலையில் தெரிகிறது. பம்பாய்த் துறைமுகம் வளர, அந்த வணிகம் தேய்ந்தது. கோட்டையில் அரசர்களின் கதை என்றால், இங்கே கணக்கெழுதிப் பொருள் சேர்த்தவர்களின் வீடு. வணிக வரலாற்றில் நாட்டமுள்ளவர்கள் இதையே முதலில் பார்க்கலாம். படிகள் குறுகலானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் தெருவில் நின்று முகப்பைப் பார்த்தாலே பாதி பார்த்ததாகும். உள்ளே செல்பவர்களுக்கு, அருங்காட்சியகமாக உள்ள முதல் ஹவேலி ஒன்றே போதும்.