ஹைட்ரா தீவு: இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற ஊர் இல்லை

கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் விற்கும் 'ஒரே நாளில் மூன்று தீவு' சுற்றுலாவில் ஹைட்ராவும் வருகிறதே, அதிலேயே பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம். அந்தக் கப்பல்கள் இங்கே நிற்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு காபி, நான்கு போட்டோ, துறைமுகத்தை ஒட்டிய நகைக்கடைகள், அதோடு சங்கு ஊதிவிடுவார்கள். இந்தத் தீவில் பார்க்க வேண்டிய கப்பல் வரலாறு முக்கால்வாசி படியேறிப் போனால்தான் கிடைக்கும். ஒரு இரவு தங்குவது உத்தமம். முடியாதவர்கள் காலை முதல் படகில் போய் மாலைப் படகில் திரும்பலாம்.

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில், ஹைட்ராவும் சேர்ந்த சாரோனிக் வளைகுடாத் தீவுகளுக்கான படகுகள் பொதுவாக E8 வாசலிலிருந்து கிளம்பும். மெட்ரோவின் 3ஆம் தடம் விமான நிலையத்திலிருந்து நேராக பிரேயஸ் வரை வருகிறது, ஒரு மணி நேரம் பிடிக்கும். நிலையத்திலிருந்து E8 வரை கரையோரமாக நடக்க வேண்டும், பெட்டியோடு என்றால் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஹைட்ராவுக்குக் கார் ஏற்றும் பெரிய கப்பல் கிடையாது, மூடிய அதிவேகப் படகுகள் மட்டும்தான். பயணம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஒருவழிக் கட்டணம் 30 யூரோவுக்கு மேல். வெளியே நின்று காற்று வாங்க வழியில்லை. கடல் ஆடினால் குமட்டல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில் பின்பக்க இருக்கையில் உட்கார்வது நல்லது.

பலர் சறுக்குவது இறங்கும் இடத்தில். பல படகுகள் முதலில் போரோஸ் தீவில் நிற்கும், அடுத்தது ஹைட்ரா, அதற்குப் பிறகு ஸ்பெட்ஸஸ் தீவுப் பக்கம் போய்விடும். துறையில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். அறிவிப்பில் 'ஈத்ரா' (ஹைட்ராவின் கிரேக்க உச்சரிப்பு) என்று காதில் விழும்போது பையோடு கதவருகே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு பெட்டியைத் தேடக் கூடாது. இன்னொன்று, காற்று வலுத்தால் இந்த அதிவேகப் படகுகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். விமானம் பிடிக்க வேண்டிய நாளன்று தீவிலிருந்து கிளம்புவதாகத் திட்டம் போடாதீர்கள். வாடகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு மாற்று வழி உண்டு: எதிர்க்கரையில் பெலோபொன்னீஸ் தீபகற்பத்தில் உள்ள மெத்தோஹி வரை ஓட்டிப்போய், காரை அங்கே விட்டுவிட்டுச் சிறு படகில் கடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றைத் தவிர தீவில் மோட்டார் வாகனமே இல்லை. சிமென்ட் மூட்டையிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை துறையில் இறங்கிக் கோவேறு கழுதை மேல்தான் ஏறிப் போகும். ஆகவே அறை பதிவு செய்யும்போது கடல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், துறையிலிருந்து எத்தனை படி என்று கேளுங்கள். நூற்றைம்பது படிக்கு மேல் இருக்கும் வீடுகள் சாதாரணம். சக்கரப் பெட்டி இந்தக் கல் பாவிய சந்துகளில் உருளாது, முதுகுப் பைதான் சரி. கனமான பெட்டி என்றால் துறையிலேயே கழுதைக்காரர்கள் நிற்பார்கள், கூலியைப் பேசி முடித்துவிட்டு ஏற்றுங்கள்.

படகுத்துறைக்குப் பக்கத்திலேயே வரலாற்று ஆவணக் காப்பக அருங்காட்சியகம். சிறியதுதான், ஆனால் ஒரு மணி நேரமாவது கேட்கும். கப்பல் முகப்பில் பொருத்தும் மரச் சிற்பங்கள், பழைய கடல் வரைபடங்கள், ஹைட்ரா கப்பல்களை ஒவ்வொன்றாகப் பெயரோடு தீட்டிய ஓவியங்கள், துப்பாக்கிகள். கப்பல் ஓவியங்களை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். சரக்குக் கப்பல்தான், ஆனாலும் பக்கவாட்டில் பீரங்கித் துளைகள் வரிசையாக இருக்கும். இந்தத் தீவின் கதை முழுவதும் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

விளைச்சலுக்கு ஏற்ற மண் இல்லாத பாறைத் தீவு என்பதால் ஜனங்கள் கடலுக்குப் போனார்கள். 1774 ரஷ்ய-துருக்கி உடன்படிக்கைக்குப் பின் ரஷ்யக் கொடியின் கீழ் கருங்கடல் தானியத்தை ஏற்றி மத்தியதரைக் கடல் முழுக்க விற்றார்கள். நெப்போலியன் போர்களின்போது பிரிட்டன் போட்ட முற்றுகையை மீறிச் சரக்கு இறக்கியவர்களுக்குக் கொள்ளை லாபம். மாலுமிகளுக்குச் சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு, அதனால் ஆபத்துக்குத் துணிந்தார்கள். வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையருக்குப் பயந்து கப்பலில் பீரங்கியும் ஏற்றினார்கள். 1821இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராகக் கிரேக்க விடுதலைப் போர் வெடித்தபோது, ஹைட்ரா, ஸ்பெட்ஸஸ், ப்ஸாரா ஆகிய மூன்று தீவுகளின் வணிகக் கப்பல்களே கடற்படை ஆயின.

இந்தப் படையின் தளபதி ஆந்த்ரேயாஸ் மியாவுலிஸ். 1835இல் இறந்தார். அவருடைய இதயத்தைப் பதப்படுத்தி ஒரு கலசத்தில் இந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். துருக்கியரின் பெரிய போர்க்கப்பல்களுக்கு எதிராகக் கிரேக்கர்களின் முக்கிய ஆயுதம் தீக்கப்பல். பழைய கப்பல் ஒன்றில் தார், கந்தகம், வெடிமருந்து நிரப்பி, காற்று எதிரியை நோக்கி அடிக்கும் பக்கமாக ஓட்டிப்போய்க் கொக்கி மாட்ட வேண்டும். ஆட்கள் பின்னால் கட்டிய சிறு படகில் இறங்கியபின் திரியில் தீ வைப்பார்கள். ஒரு நிமிடம் முந்தினால் கப்பல் விலகிப் போகும், பிந்தினால் வைத்தவனே எரிவான். இதே மியாவுலிஸ் 1831இல் உள்நாட்டுச் சண்டையில் போரோஸ் துறையில் நின்ற 'ஹெல்லாஸ்' என்ற கிரேக்கப் போர்க்கப்பலையே வெடிவைத்துத் தகர்த்தார். சிலைக்கு மாலை போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் நினைவாக ஜூன் 21ஐ ஒட்டிய வார இறுதியில் மியாவுலியா விழா நடக்கிறது, துறைக்கு வெளியே மாதிரிக் கப்பல் ஒன்றைக் கொளுத்துவார்கள். அந்த வாரம் அறை வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

துறைமுகத்தின் மேற்குச் சரிவில் மஞ்சள் நிறத்தில் தெரிவது லாஸரோஸ் குந்துரியோத்திஸ் மாளிகை. போருக்காகத் தன் செல்வத்தில் பெரும்பகுதியைக் கொடுத்த கப்பல் முதலாளி இவர். இப்போது தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளை. வெளியே கோட்டைச் சுவர், உள்ளே பழைய மரச் சாமான்கள், உடைகள், கீழ்த்தளத்தில் ஓவியங்கள். பருவம் தவறிப் போனால் பூட்டியிருக்கும். படிகள் செங்குத்து, வெயில் ஏறுவதற்குள் ஏறி முடித்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கீழே உள்ள ஆவணக் காப்பகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மணல் கடற்கரை தேடி வருகிறவர்களுக்கு இது ஏமாற்றம். ஊரை ஒட்டிய ஸ்பிலியாவில் பாறையிலிருந்து ஏணி வழியாக நேரே ஆழத்தில் இறங்க வேண்டும், நீச்சல் தெரியாதவர்களுக்கு ஆகாது. பாறையில் ஒட்டியிருந்து காலில் குத்தும் கடல் முள்ளெலி இருக்கும், ரப்பர் செருப்பு அவசியம். காமினி கால் மணி நேர நடை, விளிஹோஸ் இன்னும் கொஞ்சம் தூரம், அங்கே கூழாங்கல் கரை உண்டு. படகு டாக்ஸி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, படகுக்கு இவ்வளவு என்றுதான் வாங்கும். நான்கைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும், தனியாக ஏறினால் கை சுடும்.

மீனுக்கு கிலோ விலைதான் போட்டிருப்பார்கள், அதுவும் சமைப்பதற்கு முந்தைய எடைக்கு. மீனைக் காட்டச் சொல்லி, கண் முன் நிறுத்துத் தொகையைக் கேட்டபின் அடுப்பில் போடச் சொல்லுங்கள். பட்டியலில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த சரக்கு, கணவாயில் அது அடிக்கடி தென்படும். சைவக்காரர்கள் திண்டாட வேண்டாம்: ஃபாவா என்கிற மஞ்சள் பருப்பு மசியல், அடுப்பில் வேகவைத்த பெரிய வெள்ளை பீன்ஸ், எலுமிச்சை பிழிந்த கீரை எங்கும் கிடைக்கும். இத்தீவின் பாதாம் இனிப்பான அமிக்தலோத்தா இரண்டு மூன்று நாள் தாங்கும், வீட்டுக்கு வாங்கிப்போக ஏற்றது.

மூட்டு வலி உள்ளவர்கள், தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிறவர்கள் இந்தத் தீவைத் தவிர்த்துவிட்டு போரோஸ் போகலாம். மற்றவர்களுக்கு மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் பொருத்தமான காலம். ஜூலை, ஆகஸ்டில் விலையும் கூட்டமும் ஒன்றாக ஏறும். எந்த மாதமானாலும் ஞாயிறு மாலைத் திரும்பும் படகுக்கு டிக்கெட் எடுக்காமல் தீவில் கால் வைக்காதீர்கள். ஏதென்ஸ்காரர்கள் எல்லோரும் திரும்புகிற நேரம் அது.