கிளிநொச்சியில் வாங்கும் பொங்கல் சாமான்: வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருபவர்களுக்கு எது தேறும், எது தேறாது

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று வெளியிலிருந்து தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வன்னிக்கு வருகிற பலருக்கு இப்போது ஊரில் பொங்குவதற்கு ஒரு வீடு இல்லை. காணி இருந்தாலும் வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வேறு ஆட்கள் குடியிருப்பார்கள். கிளிநொச்சியிலோ பரந்தனிலோ ஒரு விடுதியில் அறை எடுத்து அதன் முற்றத்தில் பொங்குவதுதான் வழி. பொங்கலுக்கு முந்திய நாட்களில் கிளிநொச்சிச் சந்தையிலும் ஏ9 வீதியோரத்திலும் விற்கிற சாமான்களை அப்படி வருகிற குடும்பத்தின் கண்ணால் பார்த்து எழுதியது இது. அவர்கள் கையில் குசினி இல்லை, திருவலை இல்லை, பிள்ளைகள் நித்திரைக் குழப்பத்தில், இரண்டொரு நாளில் திரும்பவும் பயணம்.

முதலில் பானை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. வீதியோரத்தில் மண்பானையும் அலுமினியப் பானையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் பளபளக்கிற பெரிய அலுமினியத்தைத்தான் முன்னுக்குத் தள்ளுவார்கள். கூட வருகிற மாமாமாரும் “வந்ததுக்குப் பெரிசா வைப்பம்” என்பார்கள். கேட்க வேண்டாம். ஒரு கொத்து, அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோ, அரிசிக்கான பானை விறகடுப்பில் பொங்கி வழிந்து, அரிசி வெந்து இறங்க ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். ஐந்து வயதுப் பிள்ளை அடுப்படியில் பொறுமையாக நிற்பது இருபது நிமிடம். மூன்றரை லீற்றர் பிடிக்கிற மண்பானை ஒன்று பெரியவர்களுக்கு, ஒரு லீற்றர் பிடிக்கிற குட்டிப் பானை ஒன்று பிள்ளைகளுக்கு என்று இரண்டாக எடுப்பதே எங்கள் தெரிவு. குட்டிப் பானை முதலில் பொங்கிவிடும். பிள்ளைகள் “பொங்கலோ பொங்கல்” சொல்லிக் கத்தி முடிந்து விளையாடப் போன பிறகு பெரிய பானையை நிதானமாகப் பார்க்கலாம்.

மண்பானையைத் தட்டி எடுக்க வேண்டும். “தட்டிப் பாத்து எடுங்கோ அக்கா” என்று நல்ல கடைக்காரர் தானே சொல்வார். விரல் மொழியால் வயிற்றுப் பக்கம் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் மயிர்க்கோடாக ஒரு வெடிப்பு எங்கோ இருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. உள்ளே கையை விட்டு அடியைத் தடவிப் பாருங்கள். சில பானைகளில் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருக்கும். அது சூட்டில் ஒரே சீராக விரியாது, அந்த இடத்திலேயே விடும். கழுத்து ஒடுங்கிய பானையில் நுரை ஒன்றுசேர்ந்து மேலே ஏறும், வழிவது வடிவாகத் தெரியும். வாய் அகன்ற சட்டியில் பால் கொதிக்கும், பொங்காது.

வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றுகிற சாமான் இல்லை இது. பானை வெடிக்கிற முறைப்பாட்டில் பெரும்பாலானதற்குக் காரணம் விற்றவர் இல்லை, அவசரம். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, அடுத்த நாள் அரிசி கழுவிய தண்ணீரை நிறைத்து மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம் காய்ச்சி, தானாக ஆறவிட வேண்டும். அந்தக் கஞ்சித்தன்மை மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். இல்லாவிட்டால் பானை வியர்த்து நெருப்பை அணைக்கும். ஆகவே பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே வாங்குங்கள். காய்ச்ச விடுதிக் குசினியில் அரை மணித்தியாலம் கேட்டால் போதும். பொங்கல் அன்று வெறும் பானையைச் சூடேற்றிவிட்டுக் குளிர்ந்த பாலை ஊற்றாதீர்கள். தண்ணீரும் பாலும் விட்ட பிறகே அடுப்பில் வைக்க வேண்டும்.

அலுமினியந்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல்: அடி மெல்லிசான பானையில் சர்க்கரை போட்ட ஐந்தாம் நிமிடம் அடிப்பிடிக்கும். கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். வெளிப்புறம் முழுக்கச் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி லேசாகக் கழுவப்படும். விடுதியில் பானை தேய்க்கிறவர் நன்றி சொல்வார்.

பொங்கல் பொதி என்று கட்டி விற்கிறார்கள். அரிசி, பயறு, சர்க்கரை, கஜு, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), ஏலக்காய், கற்பூரம் எல்லாம் ஒரு பையில். நேரம் மிச்சம் என்பதைத் தவிர இதில் வேறு நன்மை தெரியவில்லை. அரிசி பெரும்பாலும் வெள்ளைப் பச்சையரிசி. கஜு உடைசல். பயறு வறுக்காதது, விடுதியில் இருந்துகொண்டு அதை வறுப்பது யார்? எங்கள் மதிப்பில் இது தேறாது. சந்தைக்குள் அரை மணித்தியாலம் நடந்தால் இதைவிட நல்ல சாமான் தனித்தனியாகக் கிடைக்கும்.

மூன்றரை லீற்றர் பானைக்கு, எட்டுப் பத்துப் பேருக்கு, அளவு இது. சிவப்புப் பச்சையரிசி இரண்டு சுண்டு, அதாவது அரைக் கிலோ. வறுத்துக் கோது நீக்கிய பயறு அரைச் சுண்டு. பசுப்பால் அரை லீற்றர், தண்ணீர் இரண்டு லீற்றர். பெரிய தேங்காய் ஒன்று, அதன் முதல் பால் மட்டும். சர்க்கரை 400 கிராம். கஜு 50 கிராம், பிளம்ஸ் 50 கிராம், ஏலக்காய் ஏழெட்டு, நெய் மூன்று மேசைக்கரண்டி. குட்டிப் பானைக்கு இதில் கால்வாசி. தேங்காயைக் கடையிலேயே துருவித் தரச் சொல்லிக் கேளுங்கள். சில கடைகளில் இயந்திரம் இருக்கிறது. ஆனால் பொங்கல் அன்று காலையில் அல்ல, முதல் நாள் பின்னேரம் துருவுவித்து விடுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியில் வைத்தால் விடியும்போது புளித்த வாடை வரும்.

பால் விடயத்தில் சிக்கனம் வேண்டாம். தண்ணியாகக் கரைத்த பால்மா பொங்காது, கொதிக்க மட்டும் செய்யும். பொங்கலின் அழகே போய்விடும். காலையில் கறந்த பால் விடுதிக்காரர் மூலம் எடுக்கலாம், சொல்லி வைக்க வேண்டும். பால் பொங்கி வழிந்ததும் கொதிநீரில் ஒரு பெரிய குவளை அளவு அள்ளி ஒதுக்கி வையுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர் மூன்று முறை கைநிறைய அரிசி போட, மிச்சத்தைப் பயறோடு சேர்த்துப் போட வேண்டும். ஒதுக்கிய தண்ணீர் அரிசி இறுகும்போது உதவும். பச்சைத் தண்ணீர் விட்டால் வேக்காடு தடைப்படும், மண்பானைக்கும் நல்லதில்லை.

சிவப்பரிசி முதலில் அரை மணித்தியாலம் ஊறியிருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் மசியும். நன்றாக மசிந்த பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி அதோடு நின்றுவிடும், எவ்வளவு எரித்தாலும் நறுக்கென்றே இருக்கும். சந்தைச் சர்க்கரையில் மண்ணும் தும்பும் வரும், ஒரு கோப்பை வெந்நீரில் கரைத்து வடித்து விடுங்கள். தேங்காய்ப்பால் கடைசி. விட்டபின் பலமாகக் கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் மிதக்கும்.

“புது அரிசிதானே பொங்க வேண்டும்?” என்று புத்தகத்தில் படித்த பிள்ளை கேட்கும். வன்னியில் காலபோக (மாரிகால நெல்) அறுவடை ஜனவரி நடுப்பகுதியில் பல வயல்களில் தொடங்கியே இருக்காது. கதிர் பச்சையும் மஞ்சளுமாக நிற்கும். புதிர் எடுப்பது, அதாவது முதல் நெற்கதிரை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது, இங்கே பெரும்பாலும் தைப்பூசத்துக்குத்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் ஒன்றின் வரம்பில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினால் பதில் சொல்லத் தேவையில்லை. வரம்பை விட்டு இறங்கிப் பற்றைக்குள் ஓட விடாதீர்கள். முகமாலைப் பக்கம் போகிறவர்கள் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட மிதிவெடி எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு முதலே காட்டி வைப்பது நல்லது.

விறகு: சந்தையில் வாங்குகிற சாமான்களில் மிக மோசமான தரம் இதற்குத்தான். மார்கழி மழை விட்ட கையோடு வருகிற விறகு, வெளியே காய்ந்து உள்ளே ஈரம். கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், காய்ந்தது கலகலக்கும். பாலை விறகு கிடைத்தால் விடாதீர்கள், நின்று எரியும். அதோடு சிரட்டை ஒரு பை, பற்றவைக்கக் காய்ந்த தென்னம்பாளை நாலைந்து. தைமாதப் பனி விடியற்காலையில் எல்லாவற்றையும் நனைத்துவிடும், ஆகவே இரவு விறகு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த மணம் பாலில் ஏறும்.

விடுதி எடுக்கும்போது முற்றம் மண்ணா சீமெந்தா என்று கேளுங்கள். சீமெந்துத் தரையிலோ மாபிளிலோ நேரே நெருப்பு மூட்டினால் தரைக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகித் தகடு தகடாக வெடிக்கும், சிதறவும் செய்யும். நாலு விரல் தடிப்புக்கு மணல் பரப்பி அதன்மேல் செங்கல் மூன்றை வைக்க வேண்டும். செங்கலும் நனைந்ததாக இருக்கக் கூடாது. தையில் அடிப்பது வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும், புகை தென்மேற்கே போகும். கிழக்கைப் பார்த்து நிற்கிற குடும்பம் அடுப்புக்கு நேர் மேற்கில் நின்றால் பாதிப் புகை முகத்தில் அடிக்கும். பிள்ளைகளை வடக்குப் பக்கம் தள்ளி இரண்டு மீற்றர் தூரத்தில் நிறுத்துங்கள். நைலோன் கலந்த பட்டுப் பாவாடை படம் எடுக்க நல்லது, அடுப்படிக்கு அல்ல. பருத்திச் சட்டையோடு பொங்கிவிட்டுப் படையலுக்கு உடுப்பு மாற்றலாம். சூடு பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும், பற்பசை பூசுகிற வேலை வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கையில் கொடுக்க நல்ல வேலை கோலம்தான். விடுதிக்காரரிடம் உலக்கை ஒன்று இரவல் கேளுங்கள். நிலத்தில் கிடத்தி, அதன்மேல் அரிசிமாவைத் தூவி, மெல்லத் தூக்கினால் இரண்டு பக்கமும் நேர்கோடு விழும். நாலு பக்கமும் அப்படிச் செய்தால் பொங்கல் பானைக்கான சதுரம் வந்துவிடும். சந்தையில் பைக்கட்டில் விற்கும் வெள்ளைக் கோலமா சில கல்மா. அது வேண்டாம், தின்னும் வயதுப் பிள்ளை இருந்தால் அறவே வேண்டாம். இஞ்சி, மஞ்சள் இரண்டையும் இலையோடு வாங்கிப் பானைக் கழுத்தில் கட்டுகிற வேலையும் அவர்களுடையது. கரும்பை ஒரு சாண் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆளுயரக் கரும்பை ஓட்டோவில் ஏற்றுவது ஒரு தனிப் பாடு.

நேரத்தைப் பற்றி. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் பொங்கும் நேரம் வேறுபடும். ஆண்டைப் பொறுத்து நாளே ஜனவரி 14 அல்லது 15 என்று மாறும். ஊர்க் கோயில் எதைப் பார்க்கிறது என்று கேட்டுவிட்டு அறையைப் பதியுங்கள். சூரியன் அந்நாட்களில் காலை ஆறரை மணியளவில் உதிக்கும். நெருப்பு ஆறு மணிக்கு மூட்ட வேண்டும் என்றால் அது லண்டன் பிள்ளைக்கு நள்ளிரவு கடந்த 12.30, பாரிஸ் பிள்ளைக்கு 1.30. ரொறன்ரோப் பிள்ளைக்கோ முதல் நாள் மாலை 7.30, துள்ளிக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் குறைந்தது நாலு நாள் முன்பு வந்து சேர்ந்தால்தான் அந்த நேரத்தில் பிள்ளைகள் முகம் கொடுப்பார்கள்.

அங்கிருந்து எதையும் சுமந்து வரத் தேவையில்லை. குறிப்பாகக் கற்பூரம், கம்பி மத்தாப்பு, வெடி எதுவும் வேண்டாம். எல்லாம் தீப்பற்றும் பொருள், விமானப் பொதியில் அனுமதி இல்லை. கற்பூரமும் மத்தாப்பும் இங்கே எல்லாப் பெட்டிக்கடையிலும் இருக்கிறது. சீனவெடி வாங்குவதானால் முதலில் பக்கத்து வீட்டையும் விடுதிக்காரரையும் கேளுங்கள். விடியற்காலை வெடிச்சத்தத்தில் பதறி எழும்புகிற ஆட்கள் இந்த மண்ணில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மத்தாப்பே போதும்.

படைத்து முடிந்ததும் மதியத்துக்கு முன் பங்கிட்டுவிடுங்கள். தேங்காய்ப்பால் விட்ட பொங்கல் பின்னேரம் தாங்காது. வாழையிலைத் துண்டு பத்துப் பதினைந்தைச் சந்தையிலேயே சேர்த்து வாங்கினால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கத் தட்டுத் தேட வேண்டாம். நெய்யும் பாலும் சேர்ந்ததை லண்டனுக்குக் கட்டிக்கொண்டு போக முடியாது, சுங்கத்தில் எடுத்துப் போடுவார்கள். பானை ஆசை என்றால் அடுப்பில் ஏறாத குட்டிப் பானை ஒன்றைக் கூடுதலாக வாங்கி, உள்ளே காலுறைகளை அடைத்துக் கைப்பையில் வையுங்கள். கரி பிடித்ததை விடுதிக் குசினிக்கே கொடுத்துவிடலாம், மீன் குழம்புக்குப் பழகின மண்சட்டியை வேண்டாம் என்கிற ஆள் வன்னியில் இல்லை.