பழைய ஹொண்டா சிஜி 125 மிஸ் பண்ணினால்: பொறி ரெஸ்ரர் வாங்கலாமா?

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று மிஸ் பண்ணத் தொடங்கினால் (இடையிடையே எரியாமல் விக்கி ஓடினால்) பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர்தான். பிளக்கைக் கழற்றி, எஞ்சின் ஹெட்டில் சாய்த்து வைத்து, ஒரு கிக். பொறி தெரிந்தால் "கரண்ட் வருது, அப்ப காபரேற்றர்தான்" என்று தீர்ப்பு வந்துவிடும். அடிக்கடி பிழைத்துப்போகிற தீர்ப்பு இது. வெளிக்காற்றில் 0.6 மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டுவதற்குச் சுமார் 3,000 வோல்ற் போதும். சிலிண்டருக்குள் கலவை அமுங்கி நிற்கும்போது அதே இடைவெளிக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். அக்சிலேற்றரைத் திறக்கத் திறக்க அந்தத் தேவையும் ஏறும். வீட்டு வாசலில் ஒழுங்காக ஸ்லோவில் நிற்கும் எஞ்சின், கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது இருமத் தொடங்குவது அதனால்தான். (ஏற்றத்தில் சோதித்துப் பார்க்க நல்ல வீதி. ஆனால் வளைவில் மான் நிற்கும், வேகம் வேண்டாம்.)

பிளக்கைச் சாய்த்துப் பார்க்கும் பழக்கத்துக்குப் பதிலாக வந்ததுதான் இடைவெளி மாற்றக்கூடிய பொறி ரெஸ்ரர். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலோ இணையத்திலோ தேடினால் அகப்படும். பெரும்பாலும் பெயர் இல்லாத சீனச் சாமான். உள்ளங்கையில் அடங்கும் தெளிவான பிளாஸ்ரிக் குழாய், உள்ளே எதிரெதிராக இரண்டு கூர்முனைகள். குமிழைத் திருப்பினால் முனைகள் விலகும், குழாயில் மில்லிமீற்றர் கோடு இருக்கும். ஒரு பக்கம் பிளக்கின் தலை போன்ற உருண்டை, மறுபக்கம் கிளிப் பூட்டிய எர்த் வயர். சிலவற்றில் கிலோவோல்ற் அளவும் அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். எவ்வளவு வோல்ற்றில் பொறி பாயும் என்பது முனையின் கூர்மைக்கும் காற்றின் நிலைக்கும் ஏற்ப மாறும். மில்லிமீற்றர் கோடு மட்டும் போதும்.

முதற் குறை பொருத்தும்போதே தெரியும். 1976 இல் வெளிவந்த ஹொண்டா சிஜி 125 போன்ற பைக்குகளின் பிளக் கப் (வயரின் நுனியில், பிளக்கின் தலையில் மாட்டும் மூடி), பிளக் தலையிலுள்ள சுரையைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் 4 மில்லிமீற்றர் மரையைப் பிடிக்கிற வகை. ரெஸ்ரரின் தலையோ கார் கப்புக்கு அளவான தடித்த உருண்டை. உள்ளே போகாது. இழுத்து அமுக்கினால் கப்பின் உள் வளையம் விரிந்து, பிறகு பிளக்கிலும் ஆடும். அதற்குப் பதிலாக, தலை வெட்டிய 4 மில்லிமீற்றர் போல்ற் துண்டு ஒன்றைக் கப்புக்குள் செருகி, இரு முனையிலும் கிளிப் உள்ள சின்ன வயரால் ரெஸ்ரரின் உருண்டையுடன் இணைக்கலாம். இந்த வயர் எஞ்சினில் படக்கூடாது, பட்டால் பொறி அதற்குள்ளாலேயே போய்விடும்.

இனிச் சோதனை. பிளக் ஹெட்டிலேயே பூட்டியபடி இருக்கட்டும். துளை திறந்திருந்தால் பெற்றோல் ஆவி பொறியில் பற்றலாம். எர்த் கிளிப்பைப் பெயின்ற் இல்லாத எஞ்சின் போல்ற் ஒன்றில் கடிக்க விடவும். சேசியில் வேண்டாம், கறளும் பெயின்றும் சேர்ந்து முடிவைக் கெடுக்கும். இடைவெளியை 3 மில்லிமீற்றரில் வைத்து உறுதியாகக் கிக் அடித்து, பிறகு ஒவ்வொரு மில்லிமீற்றராகக் கூட்டவும். 6 மில்லிமீற்றரை ஒவ்வொரு கிக்குக்கும் விடாமல், நீலமாக, "டிக்" என்ற சத்தத்துடன் தாண்டினால் இக்னிசன் (பொறி உண்டாக்கும் பகுதி) நல்ல நிலை. 4 இல் நின்றுவிட்டாலோ, மஞ்சள் செம்மஞ்சளாக மெலிந்து பாய்ந்தாலோ காபரேற்றரைத் தொட வேண்டாம். 8 க்கு மேல் திருப்பவும் வேண்டாம். போக வழி இல்லாத வோல்ற்று, அதை உண்டாக்கும் கொயிலின் உள் இன்சுலேசனை உடைத்துக்கொண்டு போகும். கப்பை எங்கும் இணைக்காமல் தொங்கவிட்டுக் கிக் அடிப்பதும் அதே கேடுதான். உச்சி வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, நிழலுக்குள் தள்ளிவைத்துப் பார்க்கவும்.

இந்தச் சாமானின் உண்மையான பயன் ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. கப்புடன் 3 மில்லிமீற்றர்தான் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பை இடஞ்சுழியாகத் திருகிக் கழற்றி, வயரின் நுனியை 5 மில்லிமீற்றர் வெட்டி, புதிய செப்பு தெரிய ரெஸ்ரரில் நேரே கொடுத்துப் பாருங்கள். இப்போது 6 தாண்டினால் பிழை கப்பில். மல்டிமீற்றரில் அளந்தால், 5 கிலோ ஓம் காட்ட வேண்டிய கப் பத்து மடங்கு காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. நிலாவெளி வீதியில் கடலோரமாக ஓடும் பைக்குகளில் கப்பின் உள் ஸ்பிரிங் பச்சை பிடித்து உதிர்வது சாதாரணம். செலவு குறைந்த திருத்தம் இது. அப்படியிருந்தும் கடைசியாகப் பார்க்கப்படுவதும் இதுதான்.

கப் இல்லாமலும் பொறி மெலிந்திருந்தால் பொயின்ற் (கொயிலின் கரண்டைத் தொடுத்து வெட்டும் முனைகள்), கொண்டென்சர் (பொயின்ற்றில் பொறி அடிக்காமல் காக்கும் கப்பாசிற்றர்) பக்கம் போக வேண்டும். சிஜி 125 இன் பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். காந்தம் பதித்த மக்னற் வீலிலுள்ள 'எஃப்' கோடு கேசிங்கின் குறிக்கு நேரே வரும்போது பொயின்ற் திறக்கத் தொடங்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை: இடைவெளியைக் கூட்டினால் தீப்பொறி முந்தும், குறைத்தால் பிந்தும். மக்னற் எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. காந்தம் கொயிலைக் கடக்கும் சரியான கணத்தில் பொயின்ற் திறக்காவிட்டால் பொறியின் பலமே குறையும். ஆகவே பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லாமல் "கண் மட்டத்துக்கு" வைப்பது இங்கே சரிவராது. அரத்தால் தேய்த்த பின் பெற்றோல் தொட்ட கடதாசித் துண்டைப் பொயின்ற்றுக்கிடையே வைத்து இழுக்கவும். எஞ்சிய தூள்கூட மிஸ்ஸிங்கைத் திரும்பக் கொண்டுவரும்.

கொண்டென்சர்தான் பெரிய ஏமாற்றுக்காரன். ஆறிய எஞ்சினில் 6 மில்லிமீற்றர் தாண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புவெளி தாண்டி நிலாவெளி வரைக்கும் ஓடினால் சூட்டில் கசியத் தொடங்கும், பைக் வெட்டி வெட்டி ஓடும். கராஜுக்குக் கொண்டுபோய் ஆறவிட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. எனவே ரெஸ்ரரை சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஓடி, மிஸ்ஸிங் வந்த இடத்திலேயே நிறுத்தி, சூட்டோடு பூட்டிப் பார்க்க வேண்டும். ஆறியபோது 6, சூட்டில் 3 என்றால் கொண்டென்சர் அல்லது கொயில். பிரித்தறிய: பழைய கொண்டென்சரின் வயரைக் கழற்றிவிட்டு, நல்லதொன்றை வெளியே தொடுத்து, அதன் உடலை எர்த் பண்ணிப் பார்க்கவும். பழையதைக் கழற்றாமல் பக்கத்தில் புதியதைத் தொடுப்பதில் பயனில்லை, கசிகிறது கசிந்துகொண்டேதான் இருக்கும். பொயின்ற் முகங்களுக்கிடையே தடித்த வெள்ளைப் பொறி அடித்து, முகம் கருகியிருந்தால் கொண்டென்சர் உள்ளே அறுந்திருக்கிறது. பல வருடம் பெட்டியிலேயே கிடந்த 'ஒரிஜினல்' கொண்டென்சரை அதிக விலைக்கு வாங்குவதைவிட, இலத்திரனியல் சாமான் கடையில் கிடைக்கும் 0.22 மைக்ரோஃபராட், 630 வோல்ற் பிலிம் கப்பாசிற்றரை சூடு படாத இடத்தில் பூட்டுவது மேல்.

மாரி தொடங்கி வாடை வீசும்போது நோய் வேறு. சிஜியின் மக்னற் இக்னிசனில் சாவியை ஓஃப் பண்ணினால் சுவிட்ச் ஒரு வயரை எர்த் பண்ணும், எஞ்சின் நிற்கும். ஹொண்டாவில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். உப்பும் ஈரமும் சுவிட்சுக்குள் இறங்கினால் ஓன் பண்ணியிருக்கும்போதே கொஞ்சம் எர்த்துக்குக் கசியும், பொறி மெலியும். அந்த வயரின் சொக்கற்றைப் பிரித்துவிட்டு 6 மில்லிமீற்றர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பொறி தடித்தால் சுவிட்சைத்தான் கழற்ற வேண்டும். பிரித்த நிலையில் சாவியால் எஞ்சின் நிற்காது, மேல் கியரில் போட்டுப் பிரேக் பிடித்து கிளச்சை விட்டு நிறுத்தவும். பற்றறியிலிருந்து கொயிலுக்குக் கரண்ட் எடுக்கும் பைக்குகளுக்கு இந்த வழி செல்லாது. அங்கே கொயிலுக்கு வரும் வோல்ற்றைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

ஆறியும் சூட்டிலும் 6 தாண்டினால் ரெஸ்ரரின் வேலை முடிந்தது. பிளக்கின் இடைவெளியை 0.6 முதல் 0.7 க்குள் வைத்து, புதிய பிளக் ஒன்றும் போட்டுப் பார்த்த பின் பெற்றோல் பக்கம் போகலாம். சோக்கை அரைவாசி இழுத்தால் ஓட்டம் திருந்துகிறதா? அப்படியென்றால் கலவை மெலிவு (பெற்றோல் குறைவு): ஜெற் அடைப்பு, அல்லது மனிபோல்டில் காற்றுக் கசிவு. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் நின்ற பைக்குகளின் ராங்கிக்குள் கறளை எதிர்பார்க்கலாம். எஞ்சின் நன்றாக ஆறிய பின் வால்வ் இடைவெளி 0.08 மில்லிமீற்றர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இறுகிய வால்வ் சூட்டில் மூடாமல் நிற்கும், அதுவும் மிஸ்ஸிங்காகத்தான் காட்டும்.

கப்புக்கும் பிளக்குக்கும் இடையே பூட்டி மினுங்கவிடும் நியோன் ரெஸ்ரரும் சந்தையில் உண்டு. இதைவிட மலிவு. ஆனால் பலவீனமான பொறிக்கும் அது அதே வெளிச்சத்தில்தான் மினுங்கும், பலத்தைச் சொல்லாது. ஓடும் எஞ்சினில் ஒரு கேள்விக்கு மட்டும் நல்ல பதில் தரும்: மாலை மங்கலில் எஞ்சினை ஏற்றிப் பிடிக்கும்போது, மிஸ் பண்ணும் அதே கணத்தில் விளக்கும் அணைகிறதா? அணைந்தால் பொயின்ற், கொயில், வயர். அணையாமல் எஞ்சின் மட்டும் வெட்டினால் பிளக் அல்லது பெற்றோல். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இடைவெளி ரெஸ்ரரையே வாங்கவும்.

தயாரிப்புத் தரம் சுமார். எர்த் வயர் கிளிப்பில் வெறுமனே நசுக்கப்பட்டிருக்கிறது, வாங்கியவுடன் ஈயம் வைத்து ஒட்டவும். கிளிப் இரும்பு, எங்கள் கடற்காற்றுக்கு ஒரு மாரிகூடத் தாங்காது, செப்புக் கிளிப் மாற்றுவது நல்லது. குமிழின் மரை தளர்ந்தால் கிக்கின் அதிர்வில் இடைவெளி தானாக மாறும், ஆகவே கடையிலேயே குமிழைக் கடைசி வரை திருப்பி, ஆட்டிப் பார்த்து வாங்கவும். பொயின்ற் பைக் வைத்திருப்பவருக்குக் கொடுக்கிற காசுக்குத் தகும். பொயின்ற்றுக்குப் பதில் சிடிஐ என்ற இலத்திரனியல் இக்னிசன் வந்த பிற்கால மொடல் வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம். அவருக்குப் பிளக் கப்பும் எர்த் தொடுப்பும் பார்க்க ஒரு மல்டிமீற்றர் போதும்.