கஞ்சா எண்ணெயா, மோர்பினா, கைவிசிறியா: அப்பாவின் மூச்சுக்கு எது தோது?

கனடாவில் இருக்கும் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எடுப்பார். போன தை மாதம் எடுத்தபோது அப்பா மூச்சு வாங்குவது போனுக்குள்ளாலேயே அவருக்குக் கேட்டுவிட்டது.

"தம்பி, அத்தானுக்கு இவ்வளவு முட்டோ? இங்க கஞ்சா எண்ணெய் கடையில வைச்சு விக்கிறாங்கள். நாக்குக்குக் கீழ ரெண்டு துளி விட்டாக் காணும். சாமான் பெட்டிக்குள்ள வைச்சு விடட்டோ?"

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "கஞ்சாவோ, சிவ சிவா" என்றா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்ணில் ஓர் ஆசை ஓடியதைக் கண்டேன். பன்னிரண்டு வருசமாக மூச்சு இளைத்துக்கொண்டிருக்கும் மனிசன், என்ன தந்தாலும் எடுக்கத்தான் பார்ப்பார். அன்றிரவுதான் இதைச் சரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி., அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நாற்பது வருசப் பீடியும் தச்சுப் பட்டறைத் தூளும் சேர்ந்து கொடுத்த சொத்து. பம்ப் அடிக்கிறார், இரவில் மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் குளிசை போடுகிறார், கிளினிக் கொப்பி மூன்றாவது ஓடுகிறது. அதெல்லாம் செய்த பிறகும் மிச்சமாக நிற்கும் இளைப்பு ஒன்று இருக்கிறதே, அதற்கு எது தோது என்பதுதான் என் கேள்வி. பம்பை விட்டுவிட்டு இதைப் பிடிக்கலாமா என்று யாராவது வாசித்தால், இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடுங்கள்.

மாமா சொன்னது அடியோடு பிழையில்லை. 1970களில் கலிபோர்னியாவில் டொனால்ட் டாஷ்கின் என்ற மருத்துவரும் குழுவினரும், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. மூச்சுக்குழாயைச் சற்று விரிக்கிறது என்று காட்டினார்கள். ஆஸ்துமாக்காரரிடமும் அது தெரிந்தது. 'கஞ்சா மூச்சைத் திறக்கும்' என்ற பேச்சு அங்கே தொடங்கியதுதான். ஆனால் ஆஸ்துமாவில் குழாய் இறுகித் தளரும். சி.ஓ.பி.டி.யில் குழாய் தடித்துப்போய், நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று வெளியே வரமுடியாமல் அடைபட்டுக் கிடக்கும். விரிக்கிற மருந்துக்கு அங்கே விரிக்க மிச்சம் குறைவு.

2018இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இதை நேராகவே சோதித்தார்கள். முற்றிய சி.ஓ.பி.டி. உள்ள 16 பேர். 35 மில்லிகிராம் கஞ்சாவை எரிக்காமல், சூடாக்கி ஆவியாக உள்ளிழுக்க வைத்தார்கள். இன்னொரு நாள் டி.எச்.சி. நீக்கிய கஞ்சா. பிறகு சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். இளைப்பிலும் வித்தியாசமில்லை, மிதித்த நேரத்திலும் வித்தியாசமில்லை, ஊதிப் பார்த்த அளவிலும் வித்தியாசமில்லை. அதற்கு முன் 2011இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் நாக்குக்குக் கீழே தெளிக்கும் கஞ்சா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் நாலே நாலு பேர். 'எவ்வளவு இளைக்கிறது' என்று கேட்டபோது பதில் மாறவில்லை. ஆனால் எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னபோது, 'காற்றுக்குப் பசிக்கிறது' என்ற வகைச் சொற்களை அவர்கள் குறைவாகத் தெரிந்தெடுத்தார்கள். எனக்கு இதுதான் முழு விசயத்திலும் சுவாரசியமான இடம். மூச்சு அப்படியேதான் இருக்கிறது, மூச்சு முட்டும்போது வரும் பதகளிப்பு கொஞ்சம் தள்ளி நிற்கிறது. நாலு பேரை வைத்து மருந்தெழுத முடியாது என்பது வேறு கதை.

மறுபக்கம் கொஞ்சம் பயங்கரம். 2021இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சி.ஓ.பி.டி. உள்ள முதியவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், வைத்தியர் எழுதிக் கொடுத்த கஞ்சாவகைக் குளிசை எடுத்தவர்களிடையே இறப்பு, எடுக்காதவர்களை விட 64 வீதம் கூடுதலாக இருந்தது. அளவு கூடியவர்களிடம் இன்னும் மோசம். பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வு, ஆகவே குளிசைதான் கொன்றது என்று அடித்துச் சொல்ல ஏலாது. ஏற்கெனவே மோசமானவர்கள்தான் அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் அது மாமாவின் சொந்த மாகாணம் என்பதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புகைப்பது பற்றி இரண்டு வரி போதும். கரையில் பிடிபடும் 'கேரளக் கஞ்சா' செய்தியை வாரத்துக்கு ஒருதடவை வாசிக்கிறோம். அதைப் பீடியைப் போலச் சுற்றி இழுத்தால் தார் அதே தார், இருமல் அதே இருமல். போதாக்குறைக்கு, அந்தப் புகை ஈரலைத் தூண்டி தியோபிலினை வேகமாகக் கரைத்து வெளியேற்றும். அப்பா போடுகிற குளிசை பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் பார்த்தேன். இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி கஞ்சா குற்றம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியத்துக்கு மட்டும் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வழக்குப் பொருளாக நீதிமன்றங்களில் கிடந்த கஞ்சாவைத்தான் மருந்து செய்யக் கொடுத்து வந்தார்கள். கிடந்து கிடந்து வீரியம் போய்விடுகிறது என்று 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்னவே குறைப்பட்டார். 2023 வரவுசெலவுத் திட்டத்தில் கஞ்சா பற்றிப் பேசியதும் ஏற்றுமதிக்காகத்தான், எங்கள் வீட்டு நோயாளிக்காக அல்ல. பெட்டியில் வரும் எண்ணெயோ இரண்டு நாட்டிலும் குற்றம். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவுக்குள் விற்கலாம், ஆனால் எல்லை தாண்டி அனுப்பக் கனடாச் சட்டமும் விடாது.

லேகியம்? கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கும் ஊர் இது. ஆகவே அதை எடுத்தெறிந்து பேச எனக்கு மனம் வராது. ஆடாதோடையிலிருந்து வந்த வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளிக் குளிசையையே செய்தார்கள். ஆனால் கஞ்சா சேர்ந்த லேகிய உருண்டையில் எவ்வளவு டி.எச்.சி. என்று உறையில் எழுதியிருக்காது. கடைகளில் களவாக விற்கும் மதன மோதகம் என்ற கஞ்சா உருண்டையில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. எழுபத்தொரு வயது மனிசனுக்கு அளவு தெரியாத மயக்கம் என்றால், இரவில் மூத்திரத்துக்கு எழும்பி விழுந்து இடுப்பை முறிப்பதில்தான் போய் முடியும்.

இவ்வளவும் வாசித்த பிறகும் ஒரு விசயம் பிடிபடாமல் இருந்தது. அது புத்தகத்தில் கிடைக்கவில்லை, கோணேசர் கோவில் ஏற்றத்தில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிப் போனேன். கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் படுத்திருக்கும் மரத்தடியில் முதல் நிறுத்தம். மணிக்கூட்டைப் பார்த்தேன். இளைப்பு ஏறி, உச்சத்துக்கு வந்து, இறங்க ஆறு நிமிசம். அடுத்த நிறுத்தத்தில் ஏழு. இப்படித் திடீரென்று எழும்பும் இளைப்புகளில் அனேகமானவை பத்து நிமிசத்துக்குள் தாமாகவே இறங்கிவிடும் என்று பிறகு வாசித்தேன். வாயால் விழுங்கும் கஞ்சா வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும், பிறகு ஆறேழு மணி நேரம் ஆளைப் பிடித்து வைத்திருக்கும். நாக்குக்குக் கீழே விடும் துளியிலும் பெரும்பகுதி விழுங்குப்பட்டு வயிற்றுக்குத்தான் போகிறது. அப்பா மலையேறி, கும்பிட்டு, இறங்கி, வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மாமாவின் இரண்டு துளி வந்து சேரும். உடனே வந்து சேரக்கூடியது புகையும் ஆவியும்தான். புகை கெடுக்கும், ஆவியில் பலன் காணவில்லை.

இந்தப் பத்து நிமிசக் கணக்கை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்த்தால் படம் வேறு.

மோர்பின் கஞ்சாவுக்கு உண்மையான போட்டி. எங்கள் பக்கத்தில் மோர்பின் என்றால் புற்றுநோய் வார்ட்டு, கடைசிக் கட்டம் என்றுதான் சனம் நினைக்கும். 2003இல் அவுஸ்திரேலியாவில் 48 பேரிடம், நாளுக்கு 20 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் மோர்பின் கொடுத்து இளைப்பு குறைந்ததைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பல வருசம் அதுதான் வேதவாக்கு. 2022இல் அதே நாட்டில் சி.ஓ.பி.டி. உள்ள 156 பேரிடம் 8, 16 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு வாரத்தில் மருந்தில்லாத வெறும் குளிசைக்கும் இதற்கும் இளைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம். எனக்குப் பட்டது: இருந்த இருப்பிலேயே மூச்சு முட்டுகிற, வேறு எதுவும் கைகொடுக்காத நாள் வந்தால், நெஞ்சு வைத்தியரின் கையால் சிறிய அளவில் தொடங்கலாம். கோவிலுக்கு நடந்து போகிற மனிசனுக்கு இப்போது தேவையில்லை. என்றாலும் கஞ்சாவை விட இது ஒருபடி மேல். அளவு தெரிந்தது, கண்காணிப்பு இருக்கிறது, சட்டத்துக்குள் இருக்கிறது.

நித்திரைக் குளிசைகளைக் கேட்டு வாங்குகிற சிலரை எனக்குத் தெரியும். வேண்டாம். இளைப்புக்குப் பலன் காட்டவில்லை, விழுத்தும்.

ஒட்சிசன் மெஷினைப் பற்றி ஊரில் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. விரல்நுனியில் மாட்டிப் பார்க்கும்போது இருந்த இருப்பிலேயே 88 வீதமோ அதற்குக் கீழோ காட்டுகிறவருக்கு, நாளுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் கொடுத்தால் ஆயுள் நீளும். அது 1980, 1981 ஆய்வுகளிலேயே தெளிவாகிவிட்டது. ஆனால் அப்பாவுக்கு 93. இப்படிப்பட்டவர்கள் 738 பேரை வைத்துப் பார்த்த 2016 ஆய்வில் ஒட்சிசனால் ஒரு நன்மையும் இல்லை. 350 வாற்று மெஷின் 15 மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு ஐந்து அலகு, மாதத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல். கரண்ட் பில் வரும் நாளில் எனக்கும் மூச்சு முட்டும்.

கடைசியாக, நான் முதலில் சிரித்த விசயம். கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறி. 2010இல் இங்கிலாந்தில் 50 பேரிடம் ஐந்து நிமிசம் முகத்துக்கு விசிறி பிடித்தார்கள், இன்னொரு ஐந்து நிமிசம் காலுக்குப் பிடித்தார்கள். முகத்துக்குப் பிடித்தபோதுதான் இளைப்பு இறங்கியது. மூக்கையும் கன்னத்தையும் சுற்றி ஓடும் முக்கிளை நரம்பில் குளிர்காற்று பட்டால், மூளைக்குள் அந்தக் 'காற்றுக்குப் பசி' தணிகிறது. கஞ்சாத் தெளிப்பு நாலு பேரிடம் காட்டிய அதே இடத்தைத்தான் இதுவும் தொடுகிறது. ஆனால் இது சில நிமிசத்திலேயே வந்து சேர்கிறது, மயக்காது, பொலிஸ் பிடிக்காது. விலையோ, சந்தையில் ஒரு நல்ல பாரை மீன் வாங்குகிற காசும் வராது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது உதவாது என்று நினைத்தேன். வைகாசி, ஆனியில் திருகோணமலையில் அடிக்கும் அந்த அனல் முகத்தில் பட்டால் நல்லவனுக்கே மூச்சு முட்டும். அப்பாவே வழி கண்டுபிடித்தார். ஈரக் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டு விசிறியைப் பிடிக்கிறார். மின்சாரம் போய், சார்ஜும் இறங்கினால் அம்மாவின் பனையோலை விசிறி. அதில் ஒரே குறை, அவரே விசுக்கினால் அதுவே இன்னொரு வேலையாகிவிடும். அம்மாதான் விசுக்க வேண்டும். அம்மா கொஞ்சம் வேகமாகவே விசுக்குவா.

விசிறி பத்து நிமிசத்தைக் கடத்தும். அந்தப் பத்து நிமிசம் வராமல் தள்ளிப்போடுவது நடைதான். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி 2015இல் 65 ஆய்வுகளை, 3822 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். இளைப்பு, களைப்பு, வாழ்க்கைத் தரம் மூன்றும் முன்னேறின. இந்தப் பட்டியலில் வேறெதற்கும் இப்படியொரு சாட்சி இல்லை. நுரையீரல் திருந்துவதில்லை, காலின் தசை குறைந்த காற்றில் வேலை செய்யப் பழகுகிறது. ஆஸ்பத்திரி பிசியோதெரபி மிஸ் காட்டித் தந்ததை வைத்து, மாலை ஐந்து மணிக்கு டச் பே கரையோரம் நடக்கிறோம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருக்கிறார். விளக்குச் சுடரை அணைக்காமல் ஆட்டுகிற மாதிரி உதட்டைக் குவித்து ஊதுகிறார். சிக்கல் என்னவென்றால் இதற்குத் தினமும் ஆள் வேண்டும். இரண்டு துளியில் இருக்கிற சுகம் இதில் இல்லை. முதல் மூன்று வாரமும் அப்பா என்னை ஏசினார்.

நாலாம் மாதம் கோவில் ஏற்றத்தில் மான் மரத்தடியைத் தாண்டிவிட்டு நின்றார். மொத்தம் இரண்டு நிறுத்தம்.

போன ஞாயிறு மாமா மறுபடியும் எடுத்தார். ஆடிக்கு வருகிறாராம்.

"சரி, எண்ணெய் வேண்டாமெண்டால் வேற என்ன கொண்டுவாறது?"

அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். "நடக்கிற சப்பாத்து ஒரு சோடி. எட்டாம் நம்பர். நாடா இல்லாததாப் பார்த்து எடு, குனிஞ்சு கட்ட ஏலாது."